45 பென்ஸுக்கு மேல குடுக்காதேன்னு அட்டையிலயே போட்டிருந்தான்

முதல்லயே கணக்கைச் சொல்லிடறேன், அதுக்கப்புறம் படிக்கிறதா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. பழைய பங்க் ரெக்கார்டு, அதாவது 1970கள்ல பிரிட்டனைக் கலக்கின முரட்டு ராக் பாட்டுத் தட்டு, சேக்கறேன்னு ஆரம்பிச்சு இந்த எட்டு வருஷத்துல நான் சுத்தமா தண்டம் அழுதது 260 பவுண்டுக்கு மேல. ஊர்க்காசுல 26,000 ரூபா தாண்டும். வாங்கின தட்டுக்குக் குடுத்த காசு இதுல சேராது, அது வேற கணக்கு, அதை இங்க எழுதினா வீட்டுல பிரச்சனை. இது வெறும் ஏமாந்தது, அவசரப்பட்டது, தெரியாம கெடுத்தது மட்டும். பக்கத்துல ஒரு ஆளு இருந்து "டேய், அதைத் திருப்பிப் பாரு"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இதுல முக்கால்வாசி மிச்சம். எனக்கு அப்படி ஆள் யாரும் இல்ல. ஆபீஸ்ல இருக்கற தமிழ்ப் பசங்ககிட்ட சொன்னா சிரிக்கறாங்க, வெள்ளைக்காரங்ககிட்ட கேக்க எனக்குக் கூச்சம், அதனால எல்லாத்தையும் தனியா அடிபட்டுத்தான் கத்துக்கிட்டேன்.

எப்படி ஆரம்பிச்சுதுன்னா, 2016 நவம்பர் 26, சனிக்கிழமை. லண்டனுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, வால்தம்ஸ்டோவுல வாடகை வீடு. டிவி நியூஸ்ல தேம்ஸ் நதியில ஒரு படகு எரியுது. செக்ஸ் பிஸ்டல்ஸ்ங்கற பங்க் பேண்டோட மேனேஜர் மால்கம் மெக்லாரனுக்கும் டிசைனர் விவியன் வெஸ்ட்வுட்டுக்கும் பொறந்த பையன் ஜோ கோரே, தான் வச்சிருந்த பங்க் சாமான் எல்லாத்தையும் நெருப்புல போடறாரு, மதிப்பு 50 லட்சம் பவுண்டுன்னு சொல்றாங்க. அந்த பேண்டோட முதல் சிங்கிள், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கற சின்னத் தட்டு, வந்து சரியா 40 வருஷம் ஆன நாளாம் அது, பங்க்கை மியூசியத்துல வச்சு விழா எடுக்கறாங்களேங்கற கோவமாம். என் மனைவி இட்லி மாவைக் கரைச்சிட்டே "பைத்தியமா இவன், வித்திருந்தா ஒரு தெருவையே வாங்கியிருக்கலாமே"ன்னா. எனக்கு வேற ஒண்ணு உறுத்துச்சு. ஒரு பழைய சட்டையும் ரெக்கார்டும் எரிஞ்சா ஊரே பதறுதுன்னா அதுல அப்படி என்னதான் இருக்கு?

அன்னைக்கு ராத்திரி ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டு கேட்டேன். உண்மையைச் சொல்லணும்னா முதல் நாலு பாட்டு காட்டுக்கத்தலாத்தான் இருந்துச்சு. இளையராஜா பேஸ் கிட்டாரைக் கேட்டு வளந்த காதுக்கு அது ஏறல. அஞ்சாவதா எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ்னு ஒரு பேண்ட் வந்துச்சு. பல்லுல கம்பி கட்டின ஒரு பொண்ணு, பாலி ஸ்டைரீன், அப்பா சோமாலியாக்காரரு, நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி சுருட்டை முடி. 1977ல அந்தப் பொண்ணு பாடறதைக் கேட்டா கல்யாண மண்டபத்துல மைக்கைப் பிடுங்கி மனசுல இருக்கறதையெல்லாம் கொட்டற மாதிரி ஒரு குரல், பின்னாடி ஸ்கூல் வயசுல இருக்கற இன்னொரு பொண்ணு சாக்ஸபோனைப் பிளிற விடுது. அந்த ஒரு பாட்டை அன்னைக்கு ஒன்பது தடவை கேட்டேன். பாலி ஸ்டைரீன் 2011லயே இறந்துட்டாங்கன்னு அடுத்த நாள் படிச்சப்போ, முந்தின நாள்தான் பழக்கமான ஒருத்தர் போயிட்ட மாதிரி இருந்துச்சு. எல்லாம் முடிஞ்ச பிறகு வந்து சேந்திருக்கோம்னு ஒரு வருத்தம். இந்த வருத்தம்தான் தட்டு வாங்க வைக்கும், ஜாக்கிரதை. போன்ல கேட்டா பத்தாது, அந்தக் காலத்துல ஒருத்தன் கடையில காசு குடுத்து வாங்கின அதே பொருள் கையில வேணும்னு தோணும்.

தட்டு எனக்குப் புதுசு இல்ல. திருமங்கலம் பக்கத்துல எங்க தாய்மாமா மைக்செட் கடை வச்சிருந்தாரு. காதுகுத்து, சடங்கு, கோயில் கொடைன்னா மாமாதான். கேசட் வந்த பிறகும் பழைய தட்டுகளை ஒரு தகரப் பெட்டியில வச்சிருந்தாரு, லீவுக்குப் போனா எடுத்துப் பாப்போம். நடுவுல விரலை வச்சா பொடதியில ஒண்ணு விழும், "விளிம்பைப் பிடிறா மாப்ள"ன்னு கத்துவாரு. அந்தப் பெட்டியில சில தட்டு கறுப்பாவே இருக்காது, ஓடி ஓடி சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். "இது தேஞ்ச தட்டு, போட்டா கரகரங்கும்"னு மாமா தனியா ஒதுக்கி வச்சிருப்பாரு. இவ்வளவு தெரிஞ்சும் நான் பண்ணின முதல் தப்பு ரெக்கார்டுல இல்ல, பிளேயர்ல.

55 பவுண்டுக்கு ஒரு சூட்கேஸ் மாடல் பிளேயர் வாங்கினேன். பாக்க அழகு, பெட்டி மாதிரி மூடிக்கலாம், ஸ்பீக்கர் உள்ளயே இருக்கும். அதுல நான் தினமும் போட்டது எக்ஸ்-ரே ஸ்பெக்ஸோட ஒரு 1978 சிங்கிள், ஆரஞ்சு கலர் தட்டு, சூரியனுக்கு நேரா பிடிச்சா நன்னாரி சர்பத் மாதிரி மினுங்கும். நாலு மாசத்துல பாட்டுல 'ஸ' வர்ற இடமெல்லாம் துணி கிழியற மாதிரி கேக்க ஆரம்பிச்சுது. தூசின்னு நெனச்சு துடைச்சேன், ஊசி மாத்தினேன், ஒண்ணும் ஆகல. அப்புறம்தான் புரிஞ்சுது, ஊசியைத் தாங்கற கார்ட்ரிட்ஜ் நல்லதா இருந்தா ஊசி தட்டு மேல அழுத்தற எடை ரெண்டு கிராம் பக்கம் இருக்கும், இந்த மாதிரி பொம்மை பிளேயர்ல அஞ்சு கிராம் வரைக்கும் போகும், எடையை மாத்தவும் வழி கிடையாது. நாலு மாசமா நானே உழுதிருக்கேன். அந்தத் தட்டை இப்பவும் வச்சிருக்கேன், போடறதில்ல. நீங்க ஆரம்பிக்கறதா இருந்தா முதல் காசை பிளேயருக்குப் போடுங்க. புதுசா வாங்க முடியலன்னா பழைய நல்ல கம்பெனி டர்ன்டேபிள் ஒண்ணு, ஊசி மாட்டின கைக்குப் பின்னாடி எடையைத் திருகி வைக்கற மாதிரி இருக்கணும், ஊசி மட்டும் புதுசு. அது வர்ற வரைக்கும் தட்டே வாங்காதீங்கன்னுதான் சொல்லுவேன், ஆனா கேக்க மாட்டீங்க, நானும் கேட்டிருக்க மாட்டேன்.

அடுத்தது 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்'ங்கற தட்டோட கதை. இது எனக்கு இன்னும் எரியுது. பஸ்காக்ஸ்னு மான்செஸ்டர் பசங்க, பெரிய கம்பெனி வரும்னு காத்திருக்காம வீட்டுலயும் ஃபிரெண்ட்ஸ்கிட்டயும் 500 பவுண்டு கடன் வாங்கி, 1976 டிசம்பர்ல ரெக்கார்டு பண்ணி, 1977 ஜனவரி கடைசியில நியூ ஹார்மோன்ஸ்னு சொந்தமா ஒரு பேரைப் போட்டு 1,000 காப்பி அடிச்சாங்க. நாலே பாட்டு. பின்னட்டையில ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது டேக், மேல கிட்டார் சேத்தாங்களா இல்லையான்னு ஓட்டல் பில் மாதிரி எழுதியிருக்கும். ஒரு பாட்டுல சோலோன்னு ரெண்டே ரெண்டு நோட்டைத் திரும்பத் திரும்ப அடிப்பாங்க, சலிப்பைப் பத்தின பாட்டுக்கு அதைவிடப் பொருத்தமா எவனாலயும் வாசிக்க முடியாது. இதைப் பாத்துதான் பிரிட்டன் முழுக்கப் பசங்க, அட நாமளும் சொந்தமா தட்டு போடலாமேன்னு கிளம்பினாங்க. இந்தத் தட்டு எனக்கு வேணும்னா வேணும், அவ்வளவுதான்.

ஆன்லைன்ல ஒருத்தர் "ஒரிஜினல்"னு போட்டு 60 பவுண்டு சொல்லியிருந்தாரு. போட்டோ நல்லா இருந்துச்சு, கறுப்பு வெள்ளையில நாலு பசங்க நிக்கற போலராய்டு படம். வாங்கிட்டேன். கவரைப் பிரிச்சு ரெண்டு நிமிஷம் சந்தோஷமா பாத்துட்டு இருந்தேன், அப்புறம்தான் முன்னட்டையில பேண்ட் பேரோட இன்னொரு வரி இருக்கறது கண்ணுல பட்டுச்சு, 'வித் ஹோவர்ட் டெவோட்டோ'ன்னு. ஹோவர்ட் டெவோட்டோ இந்தத் தட்டு வந்த கையோட பேண்டை விட்டுப் போன பாடகர். 1979க்குள்ள அவரும் தனியா பிரபலம், பேண்டும் பிரபலம், அதனால அந்த வருஷம் திரும்ப அடிச்சப்போ அவர் பேரையும் அட்டையில சேத்துட்டாங்க. 1977 அட்டையில அந்த வரி கிடையாது. என் கையில இருந்தது 1979 பதிப்பு, அன்னைக்கு நிலைமைக்கு 15 பவுண்டு போகும். விக்கறவர் போட்டது அவர் கையில இருந்த தட்டோட போட்டோ இல்ல, எங்கயோ எடுத்த ஒரிஜினல் அட்டையோட படம். கேட்டா "அட, நான் கவனிக்கலையே"ங்கறாரு. திருப்பி அனுப்பற கெடு முடிஞ்சிருந்துச்சு, ஏன்னா பார்சல் வந்தப்போ நான் மதுரையில தங்கச்சி கல்யாணத்துல இருந்தேன். 45 பவுண்டு போச்சு.

இதுல இன்னொரு நுணுக்கம் இருக்கு. முதல்ல அடிச்சது 1,000தான், ஆனா அது வித்துத் தீர்ந்து திரும்பத் திரும்ப அடிச்சு கடைசியில 16,000 வரைக்கும் போச்சு. அத்தனையும் பழைய அட்டைதான். அதனால ஒருத்தன் "ஃபர்ஸ்ட் பிரஸ்"னு சொன்னா அது அந்த ஆயிரத்துல ஒண்ணா, பதினாறாயிரத்துல ஒண்ணான்னு கேளுங்க. பாதிப் பேர் பதில் சொல்ல மாட்டான், அந்த மௌனமே பதில். போட்டோ விஷயத்துல நான் இப்போ கறார். முன்னட்டை, பின்னட்டை, ரெண்டு லேபிள், அதோட லேபிளுக்கும் கடைசிப் பாட்டுக்கும் நடுவுல காலியா இருக்கற வளையம், ரன்-அவுட்னு சொல்லுவாங்க, அதுல கீறியிருக்கற எழுத்து. இத்தனையும் அவர் கையில இருக்கற தட்டுலயே எடுத்து அனுப்பணும், பக்கத்துல அன்னைக்குத் தேதியை எழுதின ஒரு துண்டுச்சீட்டு வச்சு. கொஞ்சம் ஓவர்தான். பரவால்ல, தர்றவன் தர்றான்.

தரம் எழுதற விஷயத்துல நான் ஏமாந்தது முழுக்க என் இங்கிலீஷ் அறிவால. ஆறு சிங்கிள் சேத்து 48 பவுண்டு, எல்லாத்துக்கும் 'வெரி குட்'னு போட்டிருந்துச்சு. நான் என்ன நெனப்பேன், ரொம்ப நல்லா இருக்கும்னுதானே? இந்த உலகத்துல மின்ட்டுன்னா கடையில இருந்து வந்த மாதிரி, அதுக்குக் கீழ எக்ஸலன்ட், அதுக்கும் கீழதான் வெரி குட். அதுக்கு அர்த்தம் நெறைய ஓட்டியிருக்காங்க, கீறல் கண்ணுக்குத் தெரியும், சத்தம் வரும், பொறுத்துக்கோன்னு. வெறும் 'குட்'னு போட்டிருந்தா அதை வடை வைக்கத்தான் ஆகும். அமெரிக்காக்காரங்க வேற மாதிரி, அவங்ககிட்ட எக்ஸலன்ட் கிடையாது, வெரி குட் ப்ளஸ்னு ஒண்ணு வச்சிருப்பாங்க. ஆறுல நாலு ஓட்டவே முடியல. எடுத்து வெளிச்சத்துல சாய்ச்சுப் பாக்கறேன், கீறல்னு பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா ஊசி ஓடற பள்ளம் எல்லாம் சாம்பல் பூத்திருக்கு. மாமாவோட தகரப்பெட்டி ஞாபகம் பொளேர்னு வந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, இந்தத் தட்டெல்லாம் 1977ல பதினஞ்சு பதினாறு வயசுப் பசங்க வாங்கினது. அப்பாவோட பழைய ஆட்டோசேஞ்சர்ல, தட்டைத் தானா மாத்தற பிளேயர் அது, கனத்த ஊசியில பார்ட்டிக்குப் பார்ட்டி ஓட்டி, மேல பீர் சிந்தி, ஃபிரெண்டுக்குக் கடன் குடுத்து வாங்கின தட்டு. மொசார்ட் தட்டு மாதிரி வெல்வெட் துணியில துடைச்சா வச்சிருப்பான்? பழைய பங்க் தட்டுல அட்டை எப்படி இருக்குங்கறதைவிட பள்ளத்தோட நிறத்தைப் பாருங்க. டார்ச்சை நேரா அடிக்காம பக்கவாட்டுல அடிங்க. கருகருன்னு மின்னினா சின்னக் கீறல் இருந்தாலும் வாங்கலாம். மங்கலா சாம்பலா இருந்தா அட்டை புத்தம் புதுசா இருந்தாலும் விட்டுடுங்க. ஆன்லைன்ல இது தெரியாது, அதனால "போட்டுக் கேட்டீங்களா, இல்ல சும்மா பாத்துட்டுத்தான் தரம் போட்டீங்களா"ன்னு ஒரு கேள்வி கேட்டுடுங்க.

இப்போ பெரிய அவமானத்துக்கு வரேன். செக்ஸ் பிஸ்டல்ஸை ஏ அண்ட் எம் கம்பெனி 1977 மார்ச் 10ந் தேதி பக்கிங்காம் அரண்மனை வாசல்ல மேசை போட்டுக் கையெழுத்து வாங்கி சேத்துக்கிச்சு, 16ந் தேதியே வெளிய அனுப்பிடுச்சு. ஆறே நாள். அதுக்குள்ள ராணியைப் பத்தின அந்த சிங்கிளை 25,000 காப்பி பக்கம் அடிச்சிட்டாங்க, கிட்டத்தட்ட எல்லாத்தையும் அழிச்சாச்சு. மே மாசம் வர்ஜின் கம்பெனி அதே பாட்டை வெளியிட்டுச்சு, அது சல்லிசா கிடைக்கும். ஆனா அழியாம தப்பிச்ச அந்த ஏ அண்ட் எம் காப்பி, நம்பர் ஏ.எம்.எஸ். 7284, கையில இருந்தா ஆயிரக்கணக்குல பவுண்டு. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். அதுதான் வினையே. அரைகுறையா தெரிஞ்சவனைத்தான் ஏமாத்தறது சுலபம், ஒண்ணும் தெரியாதவன் அந்தப் பெட்டியைத் தாண்டிப் போயிருப்பான்.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ஆறரை மணி, எஸ்ஸெக்ஸ் பக்கம் ஒரு கார் பூட் சேல், தூறல். பழைய சாமானை காரோட டிக்கியில வச்சு விக்கற சந்தைதான், நம்ம ஊரு வாரச்சந்தை மாதிரி. பிளாஸ்டிக் பெட்டியில ஈரக்காகிதத்துக்கு நடுவுல ஏ அண்ட் எம் லேபிள் தெரிஞ்சுது. கை நடுங்கிடுச்சு. விக்கறவன் முகத்தைப் பாக்காம வேற ரெண்டு தட்டையும் சேத்து எடுத்துக்கிட்டு அலட்சியமா "எவ்வளவு"ன்னேன். அவன் சாவகாசமா அந்த ஒண்ணை மட்டும் தனியா எடுத்து "இது 80"ன்னான். இப்போ யோசிச்சா சிரிப்பா வருது. ஆயிரக்கணக்குல போகற பொருளுக்கு ஒருத்தன் கரெக்டா 80 சொல்றான்னா அவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குன்னு அர்த்தம். தெரியாதவன் 50 பென்ஸ் சொல்லியிருப்பான், தெரிஞ்சு நிஜமா இருந்தா அவன் ஏன் மழையில நிக்கறான்? எனக்கு அப்போ மூளை வேலை செய்யல. ஏ.டி.எம். தேடி ஒரு மைல் ஓடி, நனைஞ்சு, காசு எடுத்துட்டு வந்து குடுத்தேன். வர்ற ரயில்ல மனசுக்குள்ள வீட்டு அட்வான்ஸ் கட்டிட்டேன். ஒரிஜினல் விக்கறவன்கிட்ட நான் ஏமாத்தி வாங்கிட்டேனோன்னு குத்த உணர்ச்சி வேற, அதுதான் உச்சம்.

அந்த வாரம் ஒரு ரெக்கார்டு கண்காட்சியில கடை போட்டிருந்த ஒரு பெரியவர்கிட்ட கொண்டு போய் காட்டினேன். அறுபது வயசு இருக்கும், காதுல ஒரு வளையம், மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு. ரெண்டே செகண்டு பாத்தாரு. ஒண்ணும் சொல்லாம பாக்கெட்ல இருந்து நகை மதிப்பீட்டாளர் வச்சிருக்கற மாதிரி ஒரு லென்ஸை எடுத்து என் கையில குடுத்து, லேபிள்ல இருக்கற சின்ன எழுத்தைப் பாக்கச் சொன்னாரு. ஓரமெல்லாம் புள்ளி புள்ளியா, கோலப்பொடி சிதறின மாதிரி. ஒரு லேபிளை ஸ்கேன் பண்ணி மறுபடி அச்சடிச்சா எழுத்து இப்படித்தான் உடையும், அசல்ல எழுத்துக் கோடு வெட்டினாப்ல இருக்கும். அப்புறம் அவர் கடையில இருந்து அந்தக் காலத்து வேற ஒரு சிங்கிளை எடுத்து ரன்-அவுட்டைக் காட்டினாரு. கையால கீறின எழுத்து, ஒரு மனுஷனோட கையெழுத்து. "எ போர்க்கி பிரைம் கட்"னு இருந்துச்சு. ஜார்ஜ் பெக்கம்னு ஒரு கட்டிங் இன்ஜினியர், மூலத்தட்டுல பள்ளம் வெட்டற ஆளு, தான் வெட்டின தட்டுல எல்லாம் அப்படிக் கீறிட்டுப் போவாராம். என்னோடதுல அந்த இடம் மொழுமொழுன்னு இருந்துச்சு, ஒரு நம்பர் மட்டும் மெஷின்ல பதிச்சது. "நானும் ஒண்ணு வாங்கியிருக்கேன்"னு மட்டும் சொல்லிட்டு டீ வாங்கிக் குடுத்தாரு. 80 பவுண்டு பாடத்துல அந்த டீ மட்டும்தான் ஃப்ரீ.

அன்னைக்கே அவர்கிட்ட லென்ஸ் எங்க கிடைக்கும்னு கேட்டு வாங்கினேன், 6 பவுண்டு. இத்தனை வருஷத்துல நான் உருப்படியா செலவு பண்ணின காசு அதுதான். ஒரு தட்டை வாங்கப் போறதுக்கு முன்னாடி, டிஸ்காக்ஸ் மாதிரி தளங்கள்ல அந்தப் பதிப்போட ரன்-அவுட் எழுத்து என்னன்னு பதிஞ்சு வச்சிருப்பாங்க, அதை ஒரு தடவை பாத்துட்டுப் போங்க. அங்கயே அந்தத் தட்டு இதுவரைக்கும் என்ன விலைக்கு வித்திருக்குன்னும் தெரியும். கேக்கற விலையைப் பாக்காதீங்க, வித்த விலையைப் பாருங்க. கேக்கறதுக்கு என்ன, நானும் என் பழைய செருப்புக்கு ஆயிரம் கேக்கலாம்.

சின்னச் சின்ன அடிகளை வேகமா சொல்லிடறேன். ராத்திரி ரெண்டு மணிக்கு ஏலம் கேக்காதீங்க. எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் எல்.பி., பேண்ட் ஆளுங்க சோதனைக்குழாய்க்குள்ள நிக்கற மாதிரி அட்டை இருக்குமே அது, தூக்கக்கலக்கத்துல எவனோ ஒருத்தனோட போட்டி போட்டு 42க்கு எடுத்தேன். அடுத்த சனிக்கிழமை கடையில அதே நிலைமையில 22க்குத் தொங்குது. அப்புறம் வெளிநாட்டுப் பார்சல். 2021 ஜனவரியில இருந்து ஐரோப்பாவுல இருந்து வந்தாலும் வரி உண்டு. ஜெர்மனியில ஒருத்தர்கிட்ட நேரா பேசி 40 பவுண்டுக்கு ஒரு தட்டு, தபால் 14. வீட்டுக்கு ஒரு சீட்டு வந்துச்சு, தட்டு தபால் ரெண்டுக்கும் சேத்து 20 சதவீதம் வாட், கூட கையாளும் கட்டணம் 8, மொத்தம் 19 பவுண்டு கட்டினாத்தான் பார்சல். கட்டிட்டு எடுத்து வந்து பிரிச்சா தட்டு உள்ள ஆடி ஆடி அட்டையோட மேல்தையலைக் கிழிச்சிருக்கு. அனுப்பறவங்ககிட்ட தட்டை அட்டைக்குள்ள வைக்காம தனியா எடுத்து பின்னாடி வச்சு அனுப்புங்கன்னு முன்கூட்டியே சொல்லிடணும், இது எல்லாருக்கும் தெரியும்னு நான் நெனச்சேன், தெரியல.

அப்புறம் பிளாஸ்டிக் உறை. கெட்டியா கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சேன்னு 12 பவுண்டுக்கு பி.வி.சி. உறை ஒரு கட்டு வாங்கி, தட்டை அட்டையோட அதுக்குள்ள போட்டு பரண்ல ஹீட்டர் பைப்புக்குப் பக்கத்துல வச்சுட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு எடுத்தா ஒன்பது தட்டு மேல பால் ஏடு படிஞ்ச மாதிரி மூட்டம். பி.வி.சி.யை வளையற மாதிரி மென்மையாக்கற ரசாயனம் கசிஞ்சு தட்டைத் தாக்கும், சூடு இருந்தா இன்னும் வேகமா. துடைச்சாலும் போகல, ஓட்டினா ஒரு சரசரப்பு நிரந்தரமா இருக்கு. பாலிதீன் இல்ல பாலிபுரோப்பிலீன் உறை வாங்குங்க, பாக்க சுமாரா மெலிசாத்தான் இருக்கும், அதுதான் நல்லது. தட்டை நிறுத்தி வைங்க, படுக்க வச்சு அடுக்காதீங்க. இதை எழுதறப்போ கூட வயித்தெரிச்சல்தான்.

இத்தனைக்கும் நடுவுல ஒரு நல்லது நடந்துச்சு. அந்த டீ வாங்கிக் குடுத்த பெரியவர்கிட்ட அடிக்கடி போக ஆரம்பிச்சேன். நான் வால்தம்ஸ்டோன்னு சொன்னதும் "ஹோ ஸ்ட்ரீட்டா?"ன்னு கேட்டாரு. ஹோ ஸ்ட்ரீட் நான் தினமும் பஸ் ஏறற தெரு, முருங்கைக்காய் வாங்கற தெரு. அந்தத் தெருவுலதான் ஸ்மால் வொண்டர்னு ஒரு ரெக்கார்டு கடை இருந்துச்சாம், 1977ல இருந்து கடைக்காரரே சொந்தமா தட்டும் போட்டாராம். கிராஸ் பேண்ட் 1978ல ரெக்கார்டு பண்ணின முதல் தட்டு அங்க இருந்துதான் வந்துச்சு. அதுல முதல் பாட்டு மதத்தைத் திட்டுதுன்னு அயர்லாந்துல தட்டு அடிக்கற ஆலைத் தொழிலாளிங்க தொட மாட்டோம்னுட்டாங்க. இவங்க என்ன பண்ணாங்க, அந்தப் பாட்டை எடுத்துட்டு அந்த இடத்துல மௌனத்தை வச்சு, அதுக்கு பேச்சுச் சுதந்திரத்தோட சத்தம்னு பேரும் வச்சாங்க. மூணு வருஷமா நான் எங்கெங்கயோ தேடி அலைஞ்ச தட்டு பொறந்த தெருவுல நின்னுதான் பஸ்ஸுக்குக் காத்திருந்திருக்கேன்.

அந்த நிறுத்தின பாட்டை கிராஸ் 1979ல தனி சிங்கிளா போட்டாங்க. பெரியவர்கிட்ட அது ஒண்ணு இருந்துச்சு. மடிச்ச காகிதம்தான் அட்டை, மடிப்புல லேசா வெள்ளை விழுந்திருந்துச்சு. முன்னாடி கட்டம் கட்டின மாதிரி, 45 பென்ஸுக்கு மேல குடுக்காதேன்னு அச்சடிச்சிருக்கு. கடைக்காரன் கூட வச்சு வித்துடக் கூடாதுன்னு. இதுல வேடிக்கை, விலையைப் போடறப்போ வாட் வரியைக் கணக்குல சேக்க மறந்துட்டாங்களாம், வித்த ஒவ்வொரு காப்பிக்கும் நஷ்டம். பெரியவர் 15 பவுண்டு சொன்னாரு. நான் அந்த வரியில விரலை வச்சேன். அவர் கண்ணாடியை ஏத்தி வச்சுப் படிச்சுட்டு, "நான் ஸ்கூல் படிக்கறப்போ 45 பென்ஸ் குடுத்துதான் வாங்கினேன், மீதி இத்தனை வருஷம் வீட்டுல வச்சதுக்கு வாடகை"ன்னாரு. 12க்கு முடிஞ்சுது. வீட்டுக்கு வந்து மனைவிகிட்ட காட்டினேன். இங்கிலீஷ்ல அந்த வரியைப் படிச்சுட்டு, "ஏங்க, எழுதியே குடுத்திருக்கான், அப்பவும் உங்களுக்குப் புத்தி வரலையா"ன்னு கேட்டா. பதில் இல்ல.

அதுக்கப்புறம் ஃபர்ஸ்ட் பிரஸ் மோகம் எனக்குக் குறைஞ்சுது. அண்டர்டோன்ஸ்னு ஒரு பேண்டோட 1978 பாட்டு 'டீனேஜ் கிக்ஸ்', ஜான் பீல் ரேடியோவுல ஒண்ணு முடிஞ்ச கையோட ரெண்டாவது தடவையும் போட்டாரே அது, பெல்ஃபாஸ்ட்ல குட் வைப்ரேஷன்ஸ்னு ஒரு சின்னக் கடை வெளியிட்ட முதல் பதிப்பு எட்டாத விலை. அதே வருஷம் சையர் கம்பெனி போட்ட பதிப்பு சில பவுண்டுதான். அதுவும் 1978, அதுவும் எவனோ ஒரு பையன் கையில கொடுத்த காசு, ஒலியும் அதேதான். நான் சையர்தான் வச்சிருக்கேன். விக்கறதுக்காக வாங்கறவங்களுக்கு வேணா முதல் பதிப்பு முக்கியம், கேக்கறவனுக்கு ரெண்டாவது பதிப்பு போதும், எவனாவது இதுக்கு மூஞ்சியைச் சுளிச்சா சுளிக்கட்டும்.

ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் இன்னும் அலையறேன், அதுக்கு ரெண்டாவது பதிப்புன்னு ஒண்ணு என் கண்ணுல இதுவரை படல. ஏலியன் கல்ச்சர்னு லண்டன்ல பாகிஸ்தான் வம்சாவளிப் பசங்க மூணு பேரும் ஒரு வெள்ளைக்காரப் பையனும் சேந்து நடத்தின பேண்ட். 1978 ஜனவரியில, அப்போ எதிர்க்கட்சித் தலைவரா இருந்த மார்கரெட் தாட்சர் டிவி பேட்டியில, வேற கலாச்சாரத்துக்காரங்க வந்து நாட்டை மூழ்கடிச்சிடுவாங்கன்னு இங்க ஜனங்க பயப்படறாங்கன்னு பேசினாங்க. அந்தப் பேச்சைப் பிடிச்சுத்தான் பேண்டுக்குப் பேரு. 1980ல ஒரே ஒரு சிங்கிள், 'ஏசியன் யூத்', 'கல்ச்சர் கிராஸ்ஓவர்'னு ரெண்டு பாட்டு, ராக் அகெயின்ஸ்ட் ரேசிசம் இயக்கத்தோட லேபிள்ல வந்துச்சு. "இது உங்க ஆளுங்க பாட்டு இல்லையே"ன்னு ஆபீஸ்ல ஒருத்தன் ஒரு தடவை என்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னான். அவன் மேசையில கொண்டு போய் வைக்கணும்னுதான் தேடறேன்னு சொன்னா சின்னப்புத்தியாத்தான் தெரியும், ஆனா நிஜம் அதுதான். பெரியவர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், அவரும் ரெண்டு வருஷமா பாக்கறேன்ங்கறாரு. உங்க யாருகிட்டயாவது இருந்து குடுக்கற மனசு இருந்தா சொல்லுங்க, பள்ளம் சாம்பல் பூத்திருந்தாலும் பரவால்ல, இந்த ஒண்ணுக்கு மட்டும் கொள்கையைத் தளர்த்திக்கறேன். ரன்-அவுட் போட்டோ மட்டும் ரெண்டு பக்கமும் தெளிவா அனுப்பிடுங்க, பக்கத்துல தேதிச் சீட்டு வச்சு.